ஏலப் பாயில் ஒரு மஞ்சள் கவுன்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளை ஏலம் விட்டார்கள். நானேதான் குளிப்பாட்டி, பவுடர் பூசி, கையைப் பிடித்து அழைத்துப்போய் ஏலப் பாயில் உட்கார வைத்தேன்.

பதறாதீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். எஸ்தர் ஒரு தும்மல் போட்டால் தெர்மாமீட்டரைத் தேடுகிற ஆள் நான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. ஆடி மாதம் டைபாய்டு வந்து அவள் மூன்று வாரம் பார்லி கஞ்சியோடு கிடந்ததையும், தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்ததையும் இதே இடத்தில் எழுதினேன்.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டேன். அப்போது ஒரு பொருத்தனை செய்திருந்தேன் — பிள்ளை எழுந்து நடந்தால், பண்டிகை அன்று அவளைக் கோயிலுக்கு விற்று வாங்குகிறேன் என்று.

இது எங்கள் விருதுநகர்ப் பக்கத்துச் சபைகளில் சிலவற்றில் உள்ள வழக்கம். அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவருவோம். கம்பு, பருத்தி, சேவல், பூசணிக்காய். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் பந்தல் போட்டு எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் நோயில் விழுந்து பிழைத்த பிள்ளைகளையும் பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்த்துவார்கள். பிள்ளையைப் பெற்றவர்கள் ஒரு தொகை சொல்வார்கள். மூன்று தரம் எண்ணி மணி அடித்ததும் பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறும். அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு சட்டங்கள். ஏலம் கேட்டவர் வீட்டுக்குத்தான் பிள்ளை போக வேண்டும். அதனால், அடுத்தவர் பிள்ளைக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அது விளையாட்டில்லை, அபசகுனம்.

இந்த வருஷ ஏலப் பணம் எதற்கு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ரயிலடியிலும் பஜாரிலும் படுத்து எழும்புகிற பிள்ளைகளுக்கு. ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து, கூரை மாற்றி, சோறு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு. பெண்கள் சங்கத்துக் கனகம் அக்கா வீடு வீடாக வந்து பழைய துணி வாங்கிப்போனார். பண்டிகை அன்று அந்தப் பிள்ளைகள் பதினோரு பேரையும் தேய்த்துக் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து அழைத்துவந்திருந்தார். ஆளுக்கொரு நாலணாவும் கையில் கொடுத்திருந்தார், காணிக்கைப் பையில் போடுவதற்கு.

அன்றைய காலையை என்னவென்று சொல்ல?... முதல் நாள் ராத்திரி நல்ல மழை. கரிசல் மண் குளிர்ந்து கிடந்தது. சிவகாசி அச்சாபீஸ்களில் கழித்த கலர்க் காகிதங்களை வெட்டிப் பந்தல் முழுக்கத் தோரணம். காகிதத்தின் வழியாக வெயில் இறங்கி ஒருவர் முகம் சிவப்பு, ஒருவர் முகம் பச்சை. காற்று திரும்பும்போதெல்லாம் முகங்களின் நிறமும் மாறிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய கண்ணாடிக் கோலிக்குள் எல்லோருமாக உட்கார்ந்திருப்பது போல... நடுவில் ஒரு தடவை மிளகாய் வத்தல் கிட்டங்கிப் பக்கமிருந்து காற்று வந்தது. சபை முழுக்க ஒரே நேரத்தில் தும்மியது. நான் எஸ்தரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஏலம் விடுகிறவர் தாவீது அண்ணாச்சி. பருத்திக் கமிஷன் கடைக் குமாஸ்தா. சோடா புட்டிக் கண்ணாடி. குரல் மட்டும் ரயிலடி வரைக்கும் கேட்கும்.

"விஸ்வநத்தம் எட்வர்டு வீட்டுக் கொடில காய்ச்ச பூசணிக்கா! மாப்பிள்ளை கணக்கா உக்காந்திருக்கு பாருங்க. கேளுங்க, கேளுங்க!"

"போன வருசமும் இதே காயத்தான வித்தீக, அண்ணாச்சி?"

"போன வருசக் காயி ஒன் வயித்துக்குள்ள இருக்குடா. நீ எந்திரிச்சு நில்லு, அதையும் ஏலத்துல விடுதேன்!"

பந்தல் குலுங்கியது. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் வந்திருந்தார். எங்கள் சபைக்காரர் இல்லை. ஏற்பாட்டைக் கேள்விப்பட்டு ஒரு பெட்டி மத்தாப்போடு வந்தவர். தான் கொடுத்த பெட்டியைத் தானே ஏலத்தில் எடுத்தார். "இன்னொருக்க விடுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி அவரே எடுத்தார். மறுபடி கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் கைதட்டல். எல்லோருக்கும் மனசு இளகிக் கிடந்த நாள் அது. கேட்டால் கழுத்துச் சங்கிலியைக்கூடக் கழற்றிக் கொடுத்திருப்போம்.

பிறகு பிள்ளைகள்.

"நம்ம டீச்சரம்மா மக. ஆடி மாசம் நம்ம எல்லாரையும் அழ வச்ச பிள்ள. யாரு கேக்கீக?"

எஸ்தர் தலையில் இப்போதுதான் அரை விரல் முடி. பாயிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாராவது தெரியாமல் வாயைத் திறந்துவிட்டால்? அந்தப் பட்டாசு முதலாளி தர்மம் என்று நினைத்துக் கூட்டிக் கேட்டுவிட்டால்? சம்பளக் கவரையே கைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

"அஞ்சு ரூபா" என்றேன்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." அண்ணாச்சி வேண்டுமென்றே நிறுத்தி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"அண்ணாச்சி, சீக்கிரம் சொல்லுங்க!" என்று கத்தியேவிட்டேன்.

"மூணு தரம்! கொண்டுபோங்க டீச்சர். வித்த சரக்கத் திருப்பி எடுக்க மாட்டோம், சொல்லிட்டேன்!"

ஓடிவந்து விழுந்தாள். பவுடரும் வேர்வையும் கலந்த அந்த வாசனை... ஆடி மாதத்திலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவள், அப்போதுதான் விட்டேன். அவளுக்குப் பின் இன்னும் மூன்று பிள்ளைகள். மூன்று அம்மாக்கள். மூன்று ஓட்டங்கள்.

"அடுத்த பிள்ள... இது யாரு வீட்டுப் பிள்ள?"

நிமிர்ந்து பார்த்தேன். பாயில் இன்னொரு சிறுமி இருந்தாள். ஏழு வயது இருக்கும். எண்ணெய் வழிய இழுத்துப் பின்னிய சடை. மஞ்சள் பூப்போட்ட கவுன்.

கவுனின் வலதுபக்கப் பை மட்டும் வெள்ளை நூலில் தைத்திருந்தது. மஞ்சள் நூல் தீர்ந்துபோய் நான்தான் அப்படித் தைத்தேன். போன கிறிஸ்துமஸுக்கு எஸ்தர் போட்டது. பண்டிகைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கனகம் அக்காவின் மூட்டையில் போட்டேன்.

பந்தலில் ஒரு சத்தமும் இல்லை. பெற்றவள் இருக்கும்போது மற்றவர் வாய் திறப்பதா? எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"பிள்ளைய இங்கன உக்காத்திட்டு அசனத்துக்கு வெங்காயம் உரிக்கப் போயிட்டாளோ, எந்த மகராசியோ!" என்றாள் என் பின்னால் ஒருத்தி.

"கேளுங்கம்மா, பிள்ள காத்திருக்குல்லா?" என்றார் அண்ணாச்சி. அந்தக் கண்ணாடிக்கு எல்லாப் பிள்ளையும் சபைப் பிள்ளைதான்.

அவள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்கு பிள்ளைகள் அந்தப் பாயில் இருந்ததைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொருவரையும் யாரோ கூப்பிட்டார்கள், கட்டிக்கொண்டார்கள். பண்டிகை என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று அவளும் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் நினைப்பில் என்ன தப்பு?

அவள் ரயிலடிப் பிள்ளைகளில் ஒருத்தி என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். கனகம் அக்கா பந்தலுக்கு வெளியே, பண்டிகைச் சோறு வேகிற அசனச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். இன்னொருத்தி நான்.

வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். 'ரெண்டு ரூபா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சொன்னால் வீட்டுக்குப் போக வேண்டும், என் வீட்டுக்கு. என் தாடைக்குக் கீழே எஸ்தரின் குறுமுடி குத்திக்கொண்டிருந்தது. பேன்... சொறி... மறுபடி காய்ச்சல்... வாயை மூடிக்கொண்டேன்.

சிரிப்பு அவள் முகத்தில்தான் இருந்தது. கண் மட்டும் வரிசை வரிசையாகப் போய்த் திரும்பியது. என் வரிசைக்கும் வந்தது. நான் குனிந்து எஸ்தரின் செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"நாலணா!"

நிமிர்ந்தேன். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு கேட்டது?" என்றார் அண்ணாச்சி.

"நான்தான்." பாயில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"யாருக்கு, தாயி?"

"எனக்கு."

"ஒனக்கு நீயேவா?"

"வேற யாரும் கேக்கலைல்லா?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பந்தலே சிரித்தது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து, மாட்டி, அவளை உற்றுப் பார்த்தார். இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மனுஷன் சட்டத்தை மீறவில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று மெதுவாக, ஒவ்வொன்றையும் முழுசாகச் சொல்லி மணி அடித்தார். அவள் உள்ளங்கையில் இறுக்கி வைத்திருந்த காசைத் தட்டில் போட்டாள். பாயை விட்டிறங்கி, தனியாக நடந்து, சாப்பாட்டு வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். பட்டாசு முதலாளி உரக்கச் சிரித்தவர், பாதியில் நிறுத்தித் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பந்தலுக்குள் அந்தக் கலர் வெயில் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் காது அடைத்துப்போய், எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பது போல இருந்தது. அந்த அடைப்பு இன்னும் முழுசாக விலகவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருக்கும்போது, கண்ணுக்குள் அந்தப் பாய் விரிகிறது.

ஒன்று மட்டும் விளங்கியது. பூசணிக்காயை ஏலம் கேட்க ஒரு தைரியமும் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூட்டு வைத்தால் முடிந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகளைக் கிட்டங்கிக்கு அழைத்துப்போக வண்டி வந்ததாம். பத்துப் பேர் ஏறினார்கள். இவள் ஏறவில்லை.

"பேச்சியாம் பேரு. என்னா பேச்சு பேசுதா!" என்று கனகம் அக்கா பள்ளிக்கூடத்துக்கே வந்து பொரிந்தார். "'நான் எனக்குச் சொந்தம், காசு குடுத்திருக்கேன், நீங்க எப்படிக் கூட்டிட்டுப் போவீக?'ன்னு கேக்கா. அதிகப்பிரசங்கி! நீதான் டீச்சராச்சே, போயிப் பேசிப் பாரு."

புதன்கிழமை பள்ளி விட்டதும் போனேன். ரயிலடிப் பார்சல் ஆபீஸ் பக்கம், வத்தல் மூட்டைகளின் மேல் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அதே கவுன். மஞ்சள் நிறம் ஏற்கெனவே அழுக்கில் பாதி போயிருந்தது. கிட்டங்கியில் மூன்று வேளைச் சோறு, சிலேட்டு, பாய் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டாள்.

"இந்தக் கவுனு ஒங்க வீட்டுதுதான? சோறு திங்கையில ஒங்க பாப்பா சொல்லிச்சு."

"ஆமா."

"அப்பம் என்னைய ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? ஏன் கேக்கல?"

ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிகிற வரைக்கும் எனக்கு அவகாசம் கிடைத்தது. அதற்குள் பத்துப் பொய் தோன்றியது. பொய் சொல்ல அந்தக் கண் விடவில்லை.

"பயம்" என்றேன்.

"எதுக்கு?"

"எனக்கு எல்லாத்துக்கும் பயம்தான் பேச்சி."

சிரித்துவிட்டாள். "இம்புட்டுப் பெரிய ஆளு!"

நான் என்ன சொல்ல வந்தேன், என்ன சொன்னேன் என்று இப்போது யோசித்தால் கனவு மாதிரிதான் இருக்கிறது. கிட்டங்கிக்குப் போ என்று சொல்லத்தான் வந்தேன். "எங்க வீட்டுக்கு வாரியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது என் குரல்தான்.

அவள் ஒரு வத்தலை எடுத்து உடைத்து விதையை உதிர்த்தாள்.

"கதவ வெளிய பூட்டுவீகளா?"

"இல்ல."

"ராத்திரி வெளக்கு இருக்குமா?"

"சின்ன வெளக்கு இருக்கும். எஸ்தருக்கும் வேணும்."

"அந்தப் பாப்பா அடிக்குமா?"

"நீ அடிக்காம இருந்தாச் சரி."

அதற்கும் சிரித்தாள். பிறகு பெரிய மனுஷி போலச் சொன்னாள்: "சும்மால்லாம் வரமாட்டேன். மொதல்ல வந்து பாக்கேன். பிடிச்சா இருப்பேன். இல்லாட்டி வந்துருவேன். சனிக்கிழம வாரேன்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிவகாசி அச்சாபீஸில் நாளெல்லாம் மிஷின் சத்தத்தில் நிற்கிறவர், அதிகம் பேச மாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாய் ஒண்ணு வாங்கணுமே" என்றார். எஸ்தருக்கோ வேறு கவலை. "அவளுக்கு நம்ம வீடு பிடிக்கலைன்னா என்னம்மா செய்றது?"

இன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மூன்று தடவை வீட்டைப் பெருக்கிவிட்டேன். வெளிக்கதவின் பூட்டைக் கழற்றி, அவள் கண்ணில் படாதபடி அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். விளக்குச் சிம்னியைத் துடைத்தேன். சுவரில் எஸ்தர் கிறுக்கியதை அழிக்கலாமா, இருக்கட்டுமா? அழித்தால் கண்டிப்பான வீடென்று நினைப்பாளோ?

பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயந்தே பழகியவள் நான்... ஒரு பிள்ளை என்னைப் பார்த்து என்ன சொல்லுமோ என்று பயப்படுவது இதுதான் முதல் தடவை!