பாலம்மாவின் சீட்டும் கிருஷாந்தியின் டேக்கும்

கிருஷாந்திக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவள் கண்ணும் அப்படித்தான், ஒன்றையும் தப்பவிடாது. கண்டியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற பணப் பரிமாற்றக் கம்பெனியில், போன் வழியாக ஓடுகிற காசுக்கெல்லாம் டேக் பார்ப்பதுதான் அவள் வேலை. அரிசி மூட்டையில் அட்டை கட்டுகிற மாதிரிதான். ‘புது நம்பர்’, ‘ஒரே நாளில் பல பேர்’, ‘உடனே வெளியே’ என்று கம்ப்யூட்டர் கட்டிவிடும். மூன்று சிவப்பு டேக் சேர்ந்தால் களவு என்று சந்தேகப்பட்டுக் கணக்கை நிறுத்த வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த வருசமே அவள் ஒரு பிழை செய்தாள். மடுல்கெல்லத் தோட்டத்துப் பாலம்மாவின் கணக்குக்கு ஒரே நாளில் இருபது பேர் காசு போட்டார்கள். அன்றைக்கே மொத்தமும் ஒருத்திக்குப் போகப் பார்த்தது. மூன்று சிவப்பு. கிருஷாந்தி சட்டென்று நிறுத்திவிட்டாள். அது சீட்டுக் காசு. சம்பளத்துக்கு மறுநாள் இருபது பெண்கள் ஆளுக்கு ஐயாயிரம் பாலம்மாவிடம் போட, அந்த மாத முறைக்காரி லட்சத்தை எடுப்பாள். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். புது வேலை போய்விடுமோ என்ற பயத்தில் தெரிந்ததை விழுங்கிவிட்டாள். ஒன்பது நாள் காசு முடங்கியது. பாலம்மா பஸ் ஏறி வந்து, கவுன்டரில் நின்று கம்பெனியையே கிழித்துத் தொங்கவிட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட கிருஷாந்தியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதற்குப் பிறகுதான் ‘சீட்டு’ என்று ஒரு பச்சை டேக்கை அவளே உண்டாக்கினாள். அது விழுந்த காசை யாரும் மறிப்பதில்லை. ஆறு வருசம் நன்றாகத்தான் ஓடியது. போன மாதம் எவனோ ஒரு கள்ளன் அதே பச்சை வழியில் புகுந்து, வேறு ஊர்ச் சீட்டொன்றை அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

மேலாளர் தாஸிம் அலவத்துகொடக்காரர்; அண்ணன் என்கிற கணக்கில் அலுவலகத்தில் எல்லாருக்கும் ‘நானா’. நல்ல மனிதர், ஆனால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

“தங்கச்சி, ஒங்கட டேக்ல கள்ளனும் ஏறிப் போறான். எடுத்துருவோம்.”

“எடுத்தா எல்லாச் சீட்டும் நின்னுரும் நானா. எனக்கு ஒரு மாசம் தாங்க.”

ஒரு மாதம் கிடைத்தது. அவளுக்கு ஒரு கிழமை போதுமாக இருந்தது. சீட்டு எடுக்கிறவள் சீட்டுப் போட்டவளாகத்தான் இருக்க வேண்டும், இல்லையா? ஒரு தடவைகூடப் போடாத ஆளுக்குக் காசு போனால் ‘வெளியாள்’ என்று ஒரு டேக் விழும்படி செய்தாள். விழுந்தால் காசு அரை மணி நேரம் நிற்கும். அதற்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். சும்மா ஒரு சீட்டை மறித்தால் இரண்டு டேக்கும் போய்விடும் என்று தாஸிம் சொல்லி வைத்தார்.

பதினோராம் திகதி மத்தியானம் முதல் ‘வெளியாள்’ விழுந்தது. யாருடைய கணக்கு? பாலம்மாவுடையதேதான். கிருஷாந்தி பாலம்மாவுக்கே போன் போட்டாள். தாஸிம் பின்னால் வந்து நின்று கொண்டார்.

“மறுபடியும் நிப்பாட்டிட்டீங்களா!” என்று பாலம்மா எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தாள். “சிந்துஜா முறை இது. அவ கணக்குல கோளாறாம், இந்த நம்பருக்கு அனுப்பச் சொல்லி அவளேதான் வாட்ஸ்அப்ல கேட்டிச்சு. கூரைத் தகரம் வாங்கணும், மழ வந்துருச்சு. நிப்பாட்ட நீ யாரு?”

“அக்கா, ஒன்னே ஒன்னு சொல்லுங்க. மெசேஜ் எப்ப வந்துச்சு?”

“இப்பத்தான். பதினொன்னரைக்கு.”

“சிந்துஜாவுக்கு எங்க வேல?”

“குண்டசாலை கார்மென்ட்ல. இன்னைக்கும் காலையிலேயே போயிருச்சு.”

கிருஷாந்தியும் இரண்டு வருசம் கார்மென்டில் தைத்தவள். “அங்க வேல நேரத்துல போனை லாக்கர்ல பூட்டிருவாங்களேக்கா. பதினொன்னரைக்கு அது எப்படி மெசேஜ் போடும்?”

கிருஷாந்தி கார்மென்ட் அலுவலகத்துக்குப் போன் போட்டு, சிந்துஜாவைக் கூப்பிட வைத்தாள். அந்தப் பிள்ளை பதறிக்கொண்டு வந்தாள்.

“நான் ஒன்னுமே அனுப்பலையே! நேத்து ஒரு ஆள் போன் பண்ணி, எனக்கு மெசேஜ்ல வந்த நம்பர் ஒன்னக் கேட்டாரு, சொன்னேன். அதுக்கப்புறம் என் வாட்ஸ்அப் தொறக்கவே மாட்டேங்குது.”

அரை மணி முடிய நான்கு நிமிடம் இருந்தது. கிருஷாந்தி அந்தப் பரிமாற்றத்தை ரத்துச் செய்து, வெளியாளின் கணக்கைப் பூட்டினாள். தாஸிம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டு டேக்கும் இருக்கட்டும்,” என்றார்.

பின்னேரம், சிந்துஜாவின் சொந்தக் கணக்குக்கே காசு போய்ச் சேர்ந்த பிறகு, பாலம்மா திரும்பப் போன் எடுத்தாள்.

“நீ நல்லா இருக்கணும் புள்ள. முன்னயும் ஒரு தடவ ஒங்க கம்பெனியில எவளோ ஒன்பது நாள் நிப்பாட்டினா. அவளுக்கு ஒன் மூளையில பாதி இருந்திருந்தா...”

சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் கிருஷாந்திக்கு ஆறு வருசமாக நெஞ்சில் கிடந்த பாரம் அது.

“அது நான்தாங்க்கா. நீங்க ஏசினத எல்லாம் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

“அப்ப, ஏசினதுல பாதியத் திருப்பி எடுத்துக்கிறேன்,” என்றாள் பாலம்மா. “மீதி ஒனக்குச் சேர வேண்டியதுதான்.”

கிருஷாந்தி சிரித்த சிரிப்பில் கண் கலங்கிவிட்டது. “சரிங்க்கா, மீதி எங்கிட்டயே இருக்கட்டும்,” என்றாள்.