கூடாரத் துணியைக் குளிப்பாட்டினேன்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் கௌரவக் குறைவு.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். மார்க்கையன்கோட்டையில் எங்களுடையது கூரை வீடு. அடுப்புப் பொறி பறந்து பக்கத்து வீடு எரிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் என் மனைவி பிரசவத்துக்குப் போடிக்கு, தாய்வீட்டுக்குப் போனாள். மகள் பிறந்தாள். பார்க்கப் போன என்னிடம், "அடுப்புக்கு மேல தீப்பிடிக்காத மாதிரி ஏதாச்சும் செய்ங்க. இல்லாட்டி புள்ளையத் தூக்கிட்டு அங்கன வரமாட்டேன்" என்றாள்.

ஓடு போட எனக்கு வக்கில்லை. தேனிச் சந்தையில் பட்டாளத்துக் கூடாரத் துணி விற்றார்கள். கடைக்காரர் பட்டாளக் கிடங்கில் வேலை பார்த்தவர். துணி ஓரத்தில் தீக்குச்சியை வைத்தார். கறுத்தது, புகைந்தது, அணைந்துவிட்டது.

"மெழுகுல குளோரினை ஏத்திப் பூசியிருக்காக. சூடுபட்டா அது ஆவியாகி, தீயோட கழுத்தத் திருகிரும்" என்றார்.

வாங்கிவந்து விரித்தால் ஒரே நாற்றம், தொட்டால் பிசுபிசுப்பு. இதையா பச்சைப்பிள்ளை தலைக்கு மேல் கட்டுவது? சவக்காரத்துக்கு அசையவில்லை. ரேஷனில் வாங்கிச் சேர்த்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்தேன். மெழுகு கரைந்து ஓடியது. அப்புறம் வெந்நீர், சீயக்காய், நல்ல வெயில். பிள்ளையைக் குளிப்பாட்ட நான் பழகியது அந்தத் துணியில்தான்.

அடுப்புக்கு மேல் கட்டியதுபோக ஒரு துண்டு மிஞ்சியது. போடிக்குச் சேதி அனுப்பினேன். மாமனார் மகளையும் பேத்தியையும் வண்டியில் கூட்டிவந்த அன்று, அவர்கள் இறங்குவதற்குள் அந்தத் துண்டோடு வாசலுக்கு ஓடினேன்.

"மாமா, இந்தத் தீக்குச்சி படப்போற பாட்டைப் பாருங்க!"

துணி குபீரென்று பற்றிக்கொண்டது. கீழே போட்டு நான் மிதித்த மிதியில் மாடுகள் மிரண்டன.

மாமனார் வண்டிக்காரரைப் பார்த்தார். "மாட்டை அவுக்காதப்பா."

"கடையில அணைஞ்சுச்சு மாமா, சத்தியமா!"

மனைவி கையை நீட்டினாள். கருகாத முனையை மோந்து பார்த்தாள். "இதை என்ன செஞ்சீக?"

"நாத்தம் பிள்ளைக்கு ஆகாதேன்னு… மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவினேன். மெழுகெல்லாம் போயிருச்சு."

நார் அறுத்துத் தோலுரிந்திருந்த என் விரல்களைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கி, மகளை என் கையில் கொடுத்தாள். என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அது தூங்கியது.

"இப்போதைக்கு அடுப்ப வெளிய முத்தத்துல வச்சுக்குவோம்" என்றேன், மெதுவாக. "சந்தைக்குப் போயி வேற துணி வாங்கியாறேன். கழுவ மாட்டேன்."

"மண்ணெண்ணெய்ப் புட்டிய இங்கன குடுங்க" என்றாள் மனைவி.