ஒரே மொழிக்காரர்கள் இருவர்

நடந்தவை, வரிசையாக:

1. 2004 கோடையில், நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட்டின் சலவை அறையில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் பழக்கமானார். அவர் செல்போனில் பேசியது கொரிய மொழி. ஆபீசில் பக்கத்து இருக்கைத் தோழி அதைப் பேசித் தினமும் கேட்டிருக்கிறேன்.

2. பெண்மணி தங்கியிருந்தது தன் அக்கா மகனோடு; ஆங்கிலம் தெரிந்த அவன்தான் எனக்கு விவரம் சொன்னான். அவனுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே ஒற்றை அறையில் இன்னும் மூன்று பேர். மாதக் கடைசிக்குள் இவர் தங்கும் இடத்தோடு ஒரு வேலை தேட வேண்டும்.

3. அதே வாரம் தோழி, தன் ஏழு மாதக் குழந்தையை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள் தேடினாள்.

4. உங்கள் ஊர்க்காரரே ஒருவர் இருக்கிறார் என்று அவளிடம் சொன்னேன்.

5. ஒன்பதாம் நாள் பெண்மணி பெட்டியோடு திரும்பி வந்தார்.

பிழை நாலாவது வரியில். மொழி ஒன்றானால் ஜனமும் ஒன்று என்று நான் யோசிக்காமலே நம்பியிருந்தேன். பக்கத்து ஊரான எடிசனில் மளிகைக் கடை வரிசையில் மலேசியத் தமிழோ யாழ்ப்பாணத் தமிழோ காதில் விழுந்தால், கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிறவர்கள் நாங்கள். கொரியனா என்று கேட்டபோது அவரும் ஆமாம் என்றுதான் தலையாட்டினார். அது பொய்யில்லை. பிறந்தது மட்டும் சீனாவில், கொரிய எல்லையை ஒட்டிய ஊரில். கொரியாவில் ஜப்பானியர் ஆட்சி நடந்தபோது அவர் தாத்தா எல்லை ஆற்றைக் கடந்து போனவர். மூன்று தலைமுறையாக வீட்டில் கொரிய மொழிதான்.

தோழிக்கு இந்த வரலாறு என்னைவிட நன்றாகத் தெரியும். கொரியர்கள் தங்களுடையதாகக் கருதும் பழைய கொகுரியோ அரசு சீன வரலாற்றைச் சேர்ந்தது என்று சீனாவில் சொல்லத் தொடங்கியிருந்த வருடம் அது. அவள் கொதித்துப்போயிருந்தாள். மதியச் சாப்பாட்டின்போது பேப்பர் நாப்கினில் ஆற்றை வரைந்து, அதற்கு வடக்கே பெரிய வட்டம் போட்டு, இதெல்லாம் எங்கள் முன்னோர் ஆண்ட மண் என்று காட்டினாள். பெண்மணியின் ஊர் அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது.

ஏன் அனுப்பிவிட்டாய் என்று கேட்டேன். சியோலிலிருந்து மாமியார் பெண்மணியோடு போனில் பேசினாராம். பேச்சின் சாயலைக் கேட்டதும் ஊரை விசாரித்திருக்கிறார். பிறகு, சீனாவும் கொரியாவும் கால்பந்து ஆடினால் நீ யார் பக்கம் என்று கேட்டிருக்கிறார்.

"அவங்க போனை எங்கிட்ட குடுத்துட்டாங்க. பால் பாட்டிலக் கழுவப் போயிட்டாங்க," என்றாள் தோழி.

"குழந்தைய நல்லாப் பாத்துக்கிட்டாங்கதானே?"

"ரொம்ப நல்லா. அவங்க மடியிலதான் தூங்குவான். ஆனா அந்தப் பேச்சு அவனுக்கும் ஒட்டிக்கும்னு மாமியார் பயப்படறாங்க. நீ முதல்லயே சொல்லியிருக்கலாம்."

என் அறைத்தோழி சென்னைக்காரி. நான் புலம்பியதைக் கேட்டுச் சிரித்தாள். "கொரியாக்காரிய மட்டும் திட்டாதடி. போன வருஷம் ரூம் கேட்டு வந்துச்சே ஒரு யாழ்ப்பாணத்துப் பொண்ணு, அதுகிட்ட நாம என்ன சொன்னோம்? உங்க அகதிக் கேஸ் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லல?"

சொன்னது நான்தான். மரியாதையாகத்தான் சொன்னேன்.

பெண்மணியை எங்களோடு தங்கவைக்கலாமா என்று அபார்ட்மென்ட்டின் லீசிங் ஆபீசில் கேட்டேன். மூன்றாவது ஆளுக்கு விசா, சம்பளச் சீட்டு, முன்பு குடியிருந்த வீட்டின் கடிதம் வேண்டும் என்றார்கள். பெண்மணியிடம் மூன்றுமே இல்லை. கொரியக் கடை விளம்பரப் பலகையில் ஆள் தேவை என்றிருந்த நாலு எண்களுக்குப் பேசினேன். இந்த முறை ஊரை முதலிலேயே சொன்னேன். நாலு பேரும் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். சொன்னால் வேலை இல்லை. சொல்லாவிட்டால் ஒன்பது நாள். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை அக்கா மகன் காரில் சாமான் ஏற்றினான். டெக்சாஸ் கிளம்பும் முன் பெண்மணியை நியூயார்க்கில், அவர் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்திருந்த ஒரு வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னான். அங்கே படுக்க இடம் உண்டா என்று கேட்டேன். போனால்தான் தெரியும் என்றான். அவர் என் கையைப் பிடித்து, எனக்குப் புரியாத ஏதோ நீளமாகச் சொன்னார்.

இப்போதைய நிலை: குழந்தை டேகேருக்குப் போகிறான். தோழி பக்கத்து இருக்கையில்தான் இருக்கிறாள், சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். போகும்போது பெண்மணி எழுதிக்கொடுத்த எண் உபயோகத்தில் இல்லை. அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.