அத்தை தராத கிளி

அந்தக் கிளியின் மூக்கு மட்டும் இன்னும் சிவப்பாக இருக்கிறது. அத்தையின் பழைய பச்சை ரவிக்கைத் துணியில் பஞ்சு அடைத்துச் செய்த உடம்பு எப்போதோ வெளுத்துவிட்டது. மூக்கு, பம்பாய் தாராவியில் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த துண்டுத் தோல், அதனால் தாங்கிவிட்டது.

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். அம்பர்நாத்தில் பார்த்த தொழிற்சாலை வேலை பிடிக்காமல் கிளம்பி வந்து, அத்தையும் மாமாவும் இருந்த ஒற்றை அறையில் ஒண்டியிருந்தேன். கணபதி வைக்கும் நாட்களில் எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு ஏதாவது நடித்துக் காட்டுவார்கள். எங்கள் வீட்டு முறைக்கு மாமா அரக்கன் கதையை எடுத்தார். ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் உயிரை வைத்திருப்பவன். ராஜகுமாரன் கிளியின் கழுத்தைத் திருகினால் விழுந்து சாவான். மாமா அரக்கன், நான் ராஜகுமாரன். கிளியைக் காக்கும் கிழவி வேஷம் அத்தைக்கு.

மாமாவுக்கு அப்போதே காசம் முற்றியிருந்தது. ஒத்திகையில் வசனம் பாதியில் நின்று இருமல் தொடரும். வாயைத் துடைத்துக்கொண்டு, "அரக்கன் பாடு தேவலை மருமவனே. அவன் உசுரு வெளிய இருக்கு. நமக்கு உள்ள இருந்துல்லா இருமுது" என்பார். அத்தை சிரித்ததில்லை. கட்டியவன் செத்து விழுவதை, நடிப்பானாலும், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். அரக்கனை ஊரைவிட்டுத் துரத்துவதோடு கதையை முடித்துவிடச் சொன்னாள். மாமா கேட்கவில்லை.

அன்று சேலைத் திரைக்கு முன்னால் சந்தே கூடியிருந்தது. நான் கையை நீட்டினேன். அத்தை கிளியைத் தரவில்லை. மடியில் செருகி முந்தானையால் மூடிக்கொண்டாள். "குடுக்க மாட்டேம்ல. போயி வேற கதை ஆடுங்க" என்றாள். கூட்டம் சிரித்தது. "அப்ப அரக்கனுக்குச் சாவே கெடையாதா மதினி?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். விழுவதற்குத் தயாராக இருந்த மாமா, சாக வழியில்லாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த மழைக்கு முன் மாமா ஆஸ்பத்திரியில் இறந்தார். அத்தை பார்க்கப் போன நாளெல்லாம் கிளி அவள் மடியில் இருந்தது. காரியம் முடிந்து நான் கிளம்பியபோது அதை என் கையில் வைத்தாள். "இனி எனக்கு என்னத்துக்கு. ஒன் கையாலதானல திருகணும். திருகிக்கோ."

திருகவில்லை. எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. பெட்டி மாறியது, கிளி கூடவே வந்தது. நேற்று எடுத்துப் பார்த்தபோது பஞ்சு இற்று, கழுத்து தானாகவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்து, கழுத்தை நிமிர்த்தித் தைத்து வைத்தேன்.