வாட்ச் பட்டைக்கு அடியில்

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு எட்டு வயதிருக்கும்போது, விரலிடுக்கெல்லாம் சிரங்கு வந்தது. ஜோகுபாளையத்தில் எங்கள் வரிசை வீடுகளில் எந்தச் சிரங்குக்கும் ஒரே காரணம்தான் சொல்வார்கள், சாப்பாடு. அம்மா உடனே எனக்குக் கருவாட்டையும் கத்தரிக்காயையும் நிறுத்திவிட்டாள். ஒரு மாதம் நான் வெறும் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்க, எதிரே அப்பா நெத்திலிக் கருவாட்டைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்.

"வாயக் கட்டணும் கண்ணு" என்று அறிவுரை வேறு.

இடையிடையே அவரும் மணிக்கட்டைச் சொறிந்துகொள்வார். கேட்டால், புது வாட்ச் பட்டை ஒத்துக்கொள்ளவில்லையாம்.

கடைசியில் மூவரும் அல்சூரில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா என் விரல்களை விரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"கருவாட்டு மேல பழி போடாதீங்க. இது பொடிப் பூச்சி, தோலுக்குள்ள பூந்துக்கும். வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல கழுத்துல இருந்து கால் வரைக்கும் லோஷன் தடவணும்."

"எனக்கு எதுக்கு மேடம்? நான் டெய்லி ரெண்டு வேளை குளிக்கிறேன்" என்றார் அப்பா, மணிக்கட்டைச் சொறிந்தபடி.

வாட்சைக் கழற்றச் சொன்னார் டாக்டரம்மா. பட்டைக்கு அடியிலும் என் விரலிடுக்கில் இருந்த அதே பொடிக் கொப்புளங்கள்.

மறுநாள் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்து என் தட்டில் நிறைய ஊற்றினாள். அப்பாவுக்கு ரசம்.

"கருவாடு ஒண்ணும் பண்ணாதுன்னு டாக்டரே சொன்னாங்களே" என்றார் அப்பா.

"வாயக் கட்டணுங்க" என்றாள் அம்மா.