வாசிக்காத வரி

எண்பதுகளின் தொடக்கத்தில் தேனிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன்பு சின்னமனூரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தேன். பார்வையில்லாத மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களைப் பதிந்து கொடுக்க நிர்வாகம் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர் வாங்கியிருந்தது. அதை இயக்க ஆள் தேடினார்கள்.

நேர்முகத்தில் நூலகர் என்னை வேண்டாம் என்றார். போடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். நூலகப் பட்டம் வாங்கியவர்.

"மெஷின் ஓட்ட இவரு போதும் சார். ஆனா டேப்பும் புத்தகந்தான. அத வச்சுக் காப்பாத்த லைப்ரரி படிச்ச ஆளு வேணும்" என்று என் முன்னாலேயே முதல்வரிடம் சொன்னார்.

"லைப்ரரி படிச்சவுகளுக்கு ஃபியூஸ் போடத் தெரியுமாம்மா?" என்று முதல்வர் சிரித்தார். வேலை எனக்குக் கிடைத்தது.

எனக்கு மனத்தாங்கல் இருந்தது. அவர் அதை அன்றோடு விட்டுவிட்டார். பின்னறையில் அவர் வாசிப்பார், நான் பதிவேன். ஆனி மாதக் காற்று மைக்கில் விழாமலிருக்க ஜன்னல்களை அடைத்துவிடுவோம். வேர்த்துக் கொட்டும்.

அந்த டேப்புகளைக் கேட்டுப் படித்தவன் பண்ணைப்புரத்து மாணவன் ஒருவன். வரலாறு எடுத்திருந்தான். ஒரு மத்தியானம் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டான்:

"அண்ணே, மேடம் வாசிக்கிறதுக்கு முந்தியே அதே வரிய யாரோ சன்னமா வாசிக்கிறாகளே. யாருண்ணே அது?"

வாங்கிக் கேட்டேன். ஒவ்வொரு பத்திக்கும் முன்னால் இருந்த இடைவெளியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் முதல் சொற்களைச் சொன்னது. பிறகு நூலகர் அதையே வாய்விட்டு வாசித்தார். இரண்டும் அவர் குரல்தான். நூலகரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

"நான் அப்பிடி முணுமுணுக்கலயே" என்றார்.

மதுரையில் மெஷின் விற்றவரிடம் ஸ்பூலைக் கொண்டுபோனேன். சுருளில் ஒரு சுற்றில் இருக்கும் சத்தம் பக்கத்துச் சுற்றில் ஒட்டிக்கொள்ளும், அதனால் வரப்போகிற வார்த்தை முன்கூட்டியே சன்னமாகக் கேட்கும், சூட்டில் வைத்தால் அதிகமாகும் என்றார். நாங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இரும்பு பீரோவில் வைத்திருந்தோம். நூலகர் அன்றே எல்லாவற்றையும் உள்ளறைக்கு மாற்றினார். அவ்வப்போது திருப்பிச் சுற்றி வைக்கச் சொன்னார். எனக்கும் பயம் விட்டுப்போயிற்று.

ஆடியில் ஒருநாள் புது ஸ்பூலில் பதிந்துகொண்டிருந்தபோது வரிக்கு நடுவில் கரண்ட் போய்விட்டது. "மிச்சத்த நாளைக்குப் பாப்போம்" என்று புத்தகத்தை மூடினார். மறுநாள் வரவில்லை. மூளைக் காய்ச்சல் என்றார்கள். அந்த வாரத்திலேயே மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

பரீட்சை நெருங்கியதால் மாணவன் அந்தக் கடைசி டேப்பைக் கேட்டான். நான் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவனோடு ஸ்பீக்கரில் கேட்டேன். குரல் கீச்சென்று உயர்ந்து, வரியின் பாதியில் நின்றது. அதற்கப்பால் வெறும் டேப்பின் இரைச்சல். நான் நிறுத்தக் கையை நீட்டினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

இரைச்சலுக்கு அடியில் அந்தச் சன்னக் குரல் வாசித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். மிச்சமிருந்த பாதி வரி. பிறகு அடுத்த வரி.

அடுத்த சுற்றில் குரல் இருந்தால்தானே இந்தச் சுற்றில் ஒட்டும்? அதற்கப்பால் எதுவும் பதியாத புது டேப் அது. திருப்பிப் போட்டேன். மறுபடியும் அதே இடத்தில் அதே வரிகள்.

"மேடம் இன்னும் வாசிக்கிறாகளாண்ணே?" என்றான்.

நான் ஸ்பூலைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன்.

புதிதாக வந்த நிர்வாகி அந்த ஸ்பூலை அழித்து வேறு பாடம் பதியச் சொன்னார். ரேடியோக் கடைக்காரனாக மட்டும் இருந்திருந்தால் அழித்திருப்பேன். கெட்டுப்போன டேப் என்று எழுதி உள்ளறையில் வைத்துவிட்டேன். அடுத்த வருடம் நூலகப் படிப்பை அஞ்சல் வழியில் எழுதி முடித்தேன். மெஷின் பார்க்கிறவனுக்கு அது எதற்கு என்று பலர் கேட்டார்கள். வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

மாணவன் பிறகு வங்கியில் வேலைக்குப் போனான். லீவில் ஊருக்கு வந்தால் நூலகத்துக்கு வருவான். டேப்பைப் போட்டு ஹெட்போனைக் கையில் கொடுத்துவிட்டு நான் வராந்தாவுக்கு வந்துவிடுவேன். போனதடவையை விடக் கொஞ்சம் கூடுதலாக வாசிக்கிறார் என்று அவன் சொல்வான். நான் போய்ச் சரிபார்த்ததில்லை.