கிரைண்டர் அத்தையின் குரல்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். செஞ்சி கடைத்தெருவில் சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கிறவன் நான். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் வரும்வரை என் கடை நிழலில்தான் நிற்கும், அவர்கள் பேசுகிற காற்று, கருப்பு, பில்லி, சூனியம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ரெண்டு நாள் நல்லா தூங்கினா எல்லாம் சரியாப்போவும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லி நாலு பேரிடம் கெட்ட பெயர் வாங்கியவன். என் மனைவி செத்த பிறகும் அப்படித்தான் இருந்தேன். கனவில்கூட அவள் வரவில்லை, வரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. இன்றைக்கும் பேய் இருக்கிறது என்று சொல்வதற்காக உங்களை உட்கார வைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். அதுவும் பட்டப்பகலில், வடை சுடுகிற வாசனைக்கு நடுவில் நடந்தது.

என் மனைவி பெயர் செல்வி. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் சித்தி வீட்டில் இருந்துகொண்டு டப்பிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கூட்டத்தில் ஒருத்தியாக ஐயோ என்று கத்துவது, போனில் ராங் நம்பர் என்று சொல்வது, அந்த மாதிரி. அவளுக்குக் கிடைத்த ஒரே பெரிய வேஷம் கிரைண்டர்.

ஆமாம், மாவு ஆட்டுகிற கிரைண்டர்தான். இப்போது இல்லாமல் போய்விட்ட ஒரு சேனலில் 'கிரைண்டர் அத்தை' என்று ஒரு காமெடி சீரியல் வந்தது. முதல் வாரத்திலேயே மாமியார் செத்துப்போகிறாள், அவள் ஆவி வேறு போக்கிடம் இல்லாமல் வீட்டு கிரைண்டருக்குள் புகுந்துகொள்கிறது. கல் சுற்றினால்தான் அவளால் பேச முடியும். மருமகளுக்கோ மாமியாரைக் கேட்காமல் ஒரு வேலையும் ஓடாது, எதற்கெடுத்தாலும் அரிசியை ஊறப்போட்டு ஆட்டிக்கொண்டே இருப்பாள், வீட்டில் மூன்று வேளையும் இட்லி, மிச்ச மாவு தெருவுக்கே. முக்கியமான விஷயத்தை மாமியார் சொல்ல வரும்போது கரண்ட் போய்விடும். இதுதான் கதை, நம்புங்கள். எந்த மடையன் இதை யோசித்தான் என்று நான் கேட்கும்போதெல்லாம் செல்வி விழுந்து விழுந்து சிரிப்பாள். முதலில் கிழவி மாதிரி நடுங்கிய குரலில் பேசிக் காட்டினாளாம், டைரக்டர், ஆவிக்கு ஏதும்மா வயசு, உன் சொந்தக் குரலிலேயே பேசு என்றாராம். அப்படியே பேசியிருக்கிறாள்.

அந்த சீரியலுக்கு விளம்பரம் கொடுத்ததே ஒரு கிரைண்டர் கம்பெனிதான். கடைக்கு வந்த பெண்கள், இதுக்குள்ள மாமியார் இருக்க மாட்டாங்களே என்று கேட்க ஆரம்பித்ததும் கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். சில வாரங்களிலேயே சீரியல் நின்றுபோனது, பிறகு சேனலையும் மூடிவிட்டார்கள், பழைய டேப்புகளின் மேல் வேறு எதையோ பதிவு செய்துவிட்டார்கள் என்று கேள்வி. செல்வி என்னைக் கட்டிக்கொண்டு செஞ்சிக்கு வந்துவிட்டாள்.

எங்கள் மகள் யாழினி தவழ்ந்துகொண்டிருந்த சமயத்தில் செல்விக்குத் தொண்டையில் கட்டி வந்தது. பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு விடுவதற்குக் கழுத்தில் ஒரு ஓட்டை. உயிர் தப்பியது, பேச்சு போனது. அதற்குப் பிறகும் பல வருஷம் நன்றாகத்தான் வாழ்ந்தாள். அவள் வாயை அசைப்பாள், நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி, எதிர்க்கடைக்காரர் என்னைப் பற்றி என்ன பேசுகிறார் என்பதுகூட இங்கே உட்கார்ந்தபடியே தெரியும். போன வருஷம் ஒரு நாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று கை காட்டினாள், மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் அழவில்லை. சொந்தக்காரர்கள் அழுத்தக்காரன் என்றார்கள். அழுத்தமும் இல்லை ஒன்றும் இல்லை, பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி இருந்தது. கடை திறந்தேன், மூடினேன், போட்டதைச் சாப்பிட்டேன்.

யாழினி அப்படி இல்லை. காலேஜ் சேர்ந்திருந்த வயது, அவளுக்கு ஒரே ஒரு ஏக்கம், அம்மாவின் குரலை ஒரு தடவையாவது கேட்க வேண்டும். பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை. கேட்டிருப்பாள், கைக்குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கும். செல்வி பேசிக்கொண்டிருந்த காலத்தில் என்னிடம் இருந்த போனில் பேச மட்டும்தான் முடியும். கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தோம், அதில் செல்வி வாய் அசைகிறது, மேலே முழுக்க சினிமாப் பாட்டு ஓடுகிறது. யாழினி அதை நிறுத்திவிட்டு, "நீயாவது சொல்லு நைனா, எப்பிடி இருக்கும் அம்மா கொரலு?" என்று கேட்டாள். நல்லா இருக்கும் என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கே மறந்துபோயிருந்தது. அவள் பேசிய வார்த்தைகள் ஞாபகம் இருக்கின்றன, குரல் இல்லை. அது எப்படிப் போனது என்றே தெரியவில்லை.

மிச்சம் இருந்தது அந்த கிரைண்டர்தான். யாழினி இன்டர்நெட்டில் தேடோ தேடென்று தேடினாள். பழைய சீரியல்களைப் பற்றிப் பேசுகிற ஒரு குரூப்பில் அவள் கேட்டதற்கு அவலூர்பேட்டைப் பையன் ஒருவன் பதில் போட்டிருந்தான், அவன் பெரியப்பா ஏழுமலை அந்தக் காலத்தில் கேபிள் டிவி நடத்தியவர், லோக்கல் சேனலில் மறுபடி ஓட்டுவதற்காகக் காமெடி எல்லாம் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார் என்று. போய்க் கேட்டோம். ஒரே ஒரு கேசட் இருந்தது, ஒரு வாரத்து எபிசோடு. கேசட் போடுகிற டெக்கும் அவரிடம் இருந்தது, ஆனால் அதை இன்னொருவர் கையில் தர மனமில்லை, நானே கொண்டாந்து போட்டுக் காட்டறேன் என்றார். யாழினி, அம்மாவின் முதல் வருஷப் படையல் வருகிறது, அன்றைக்கே வாருங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். செத்தவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்து, கற்பூரம் காட்டிய பிறகு அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து உட்கார்ந்துவிட வேண்டும். அவர்கள் வந்து கூச்சமில்லாமல் சாப்பிடுவதற்கு. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகலாம். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது, ஆனால் செய்யாமல் விட்டதும் கிடையாது.

செல்வி படம் டிவிக்குப் பக்கத்தில்தான் மாட்டியிருந்தது. ஏழுமலை டெக்கை டிவியோடு மாட்டிக்கொண்டிருந்தபோது யாழினி ஒன்று சொன்னாள், "மொதல்ல அம்மா கேக்கட்டும் நைனா. இலை போட்டுட்டு கேசட்ட ஓட வுட்டு கதவ சாத்திடலாம். ரெண்டாவது தபா நாம உள்ள குந்திகினு கேக்கலாம், அப்ப போன்ல புடிச்சிக்கிறேன்." அவள் அம்மாவுக்கு அது பிடிக்கும் என்பது அவள் எண்ணம். எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஏழுமலையைக் கேட்டதற்கு, நல்ல கேசட், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓடும் என்றார். இப்படி ஒரு காரியத்தை எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். பழைய கேசட்டைப் பழைய டெக்கில் போட்டுவிட்டுப் பக்கத்தில் ஓர் ஆள்கூட இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்தோம்.

வெளியே மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். யாழினி கதவில் காதை வைத்துக்கொண்டாள். உள்ளே பாட்டு ஓடியது, மருமகளாக நடித்தவள் பேசினாள், கிரைண்டர் சுற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. அந்த மாதிரி சீரியல்களில் பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்ப்பார்கள் இல்லையா, அது வந்தது. மறுபடி மருமகள் ஏதோ கேட்டாள், மறுபடி ஒன்றும் இல்லை, மறுபடி சிரிப்பு. எல்லோர் குரலும் தெளிவாக வருகிறது, கிரைண்டர் பேச வேண்டிய இடத்தில் மட்டும் காலி. ஏழுமலையிடம், "இன்னாண்ணே, சவுண்டு உட்டு உட்டு வருது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், "நல்லாத்தான தம்பி கேக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த காலி இடத்தில் தொடையைத் தட்டிச் சிரித்தார். யாழினியைப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது, வாய் சிரிக்கிறது.

உதடாவது இருந்தால் படித்திருப்பேன். நடுவில் கதவு, அந்தப் பக்கம் கிரைண்டர்.

காலி என்று சொன்னேன் இல்லையா, முழுக்க காலியும் இல்லை. நானும் கதவில் காதை வைத்தேன். செல்வி வாயை அசைத்துப் பேச ஆரம்பிக்கும்போது கழுத்து ஓட்டை வழியாக முதலில் காற்று போகும், சைக்கிள் டியூபில் வால்வு லூசாகிவிட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு சின்னச் சீறல். பல வருஷம் சமையல்கட்டில், கடையில், படுக்கையில் நான் கேட்ட சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டால்தான் திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பேன். அதுதான் உள்ளேயிருந்து வந்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் முன்னால் அது வந்தது. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அந்த சீரியலில் பேசியபோது அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை, தொண்டை நன்றாக இருந்தது, கழுத்தில் கீறல்கூடக் கிடையாது.

எனக்குப் பயம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யாழினி கதவிலிருந்து காதை எடுக்காமலே, "நைனா, இதான அம்மா கொரலு?" என்று கேட்டாள்.

அந்த வீட்டில் அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். "ஆமாம்மா, இதான்" என்றேன்.

உள்ளே ஏதோ கீச்சென்றது, அப்புறம் சத்தமே இல்லை. ஏழுமலைக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது, எழுந்து ஓடப் பார்த்தார், படையல் வைத்த அறை என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கப்படி கதவைத் தட்டிவிட்டுத்தான் திறந்தோம். டிவி நீலமாக இருந்தது. டெக் கேசட்டைத் தின்றுவிட்டிருந்தது, உள்ளேயிருந்து டேப் நூல் நூலாகக் கசங்கி வந்தது, நடுவில் அறுந்தும் போயிருந்தது. ஏழுமலை தலையில் கையை வைத்துக்கொண்டார். பாண்டிச்சேரியில் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம், ஒன்றும் தேறாது என்று சொல்லிவிட்டார். யாழினி அதிகம் அழவில்லை. கேட்டுவிட்டேன் இல்லையா, அது போதும் என்றாள்.

நான் காது டாக்டரைப் போய்ப் பார்த்தேன். காதில் மாட்டி, பட்டனை அமுக்கச் சொல்லி, எல்லாம் சோதித்தார்கள். இந்த வயசுக்கு அருமையான காது என்றார் டாக்டர். நடந்ததைச் சொன்னேன். மனைவி போன துக்கத்தில் சில சமயம் இப்படி ஆகும் என்றார். இருக்கலாம், எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ளத்தான் ஆசை.

ஆனால் படையல் அன்று சாயங்காலமே இன்னொன்று நடந்தது. கேட்டது மறந்துபோவதற்குள் பேசிப் பார்க்க வேண்டும் என்று யாழினி என் எதிரில் உட்கார்ந்தாள். "கேளு நைனா, அம்மா மாறியே பேசறேன்" என்று அவள் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. பிறகு அவள் உதடு அசைந்தது, கேசட்டில் கேட்ட கிரைண்டர் வசனம். 'கல்ல நிறுத்துடி, எனக்குத் தல சுத்துது. நிறுத்தாத, நிறுத்துனா பேச முடியாது.' உதட்டைப் பார்த்துத்தான் படித்தேன். குரல் வரவில்லை. அந்தக் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது, என் மகளின் கழுத்திலிருந்து. அவள் தூங்கிய பிறகு போய்க் கழுத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, குழந்தைக் கழுத்து.

இதை அவளிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவளுக்கு அம்மாவிடமிருந்து கிடைத்தது அந்த ஒன்றுதான்.

இப்போது கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் கேட்டால் அவள் அதைப் பேசிக் காட்டுகிறாள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் செல்வியின் சென்னைச் சித்தி அதைக் கேட்டுவிட்டு, அப்படியே எங்க செல்வி பேசற மாதிரி இருக்குது என்று யாழினியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தச் சித்திக்கும் கேட்கிறது, பந்தி பரிமாறுகிறவனுக்கும் கேட்கிறது. நான் கூட்டத்தோடு உட்கார்ந்து அந்தக் காற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். பேசி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் யாழினி என்னைத் தேடிப் பார்த்து, சரியாக இருந்ததா நைனா என்று கேட்கிறாள். சரியாக இருந்தது என்கிறேன்.